அண்ணனின் இடது நுரையீரல்

என் அண்ணனை நான் அடிக்கத் தொடங்கியது டாக்டர் சொல்லித்தான். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அடி ஒரே திசையில்தான் போகும். அண்ணன் அடிப்பான், நான் வாங்குவேன். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஒருநாள் சொன்னதற்கு, ஆரியசாலைத் தெருவில் கடை கடையாக என்னை விரட்டி அடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்தான். "ஏன்ப்பா பையனை இப்படிப் போட்டு அடிக்கே?" என்று வாத்தியார் கேட்டார். "நீங்க அடிக்காததுனாலதான் சாரே நான் அடிக்கேன்" என்றான். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பில் பாதி என் முதுகு வழியாகத்தான் உள்ளே போயிற்று.

அப்பா இல்லை. அண்ணன் அந்த மலையாள ஊரின் ஆரியசாலைச் சந்தையில் மூட்டை சுமந்தான். மிளகாய் வத்தல், மல்லி, சுக்கு, புளி. வண்டியிலிருந்து கிட்டங்கி என்கிற சரக்கறைக்கு, கிட்டங்கியிலிருந்து வண்டிக்கு. இந்த வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எவ்வளவு பலசாலியானாலும் ஒருத்தன் தன் தலையில் தானே மூட்டையை ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டும். சுமக்கிறவன் குனிந்து அடியில் நுழைந்து நிமிர வேண்டும். "பிடி!" என்று குரல் கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவன் யாரானாலும் வந்து பிடிப்பான். முந்தின நாள் சாயங்காலம் கள்ளுக்கடையில் ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைத்திருந்தாலும் காலையில் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடிக்க ஆள் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

அண்ணனுக்குச் சின்ன வயதில் கக்குவான் இருமல் வந்து சாகக் கிடந்தானாம். பிழைத்தான், இருமல் மட்டும் போகவில்லை. தினமும் விடிந்ததும் சாக்கடை ஓரத்தில் குந்தியிருந்து இருமுவான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும், யாரோ உள்ளே இருந்துகொண்டு அவனை உதைப்பது போல உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கடைசியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு, பச்சையும் மஞ்சளுமாகக் கோழை வரும். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தைரியமில்லை. துப்பி முடித்தால் அவ்வளவுதான். வாயைக் கொப்பளித்து, பாலில்லாத கட்டன் காப்பி குடித்து, மாடு மாதிரி வேலைக்குப் போய்விடுவான். பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு காலைக் காரியம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் இண்டர்மீடியட் சேர்ந்த வருஷம் அந்தக் கோழையில் இரத்தம் வந்தது.

அதைப் பார்த்தது அண்ணனின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே ஊரிலிருந்து ஒன்றாக வந்து சேர்ந்தவர்கள், ஒரே பீடியை மாறிமாறி இழுப்பவர்கள். அண்ணன் "பிடி" என்றால் ஒரு பக்கம் எப்போதும் அவன் கைதான். கூட்டாளியின் மனைவி முந்தின வருஷம் எலும்புருக்கி என்கிற க்ஷயத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். அவளை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பும்போதும் சுமந்தேதான் வந்தான். கிட்டங்கி வாசலில் அண்ணன் துப்பிய சிவப்பைப் பார்த்ததும், இழுத்துக்கொண்டிருந்த பீடியைப் பாம்பை உதறுவது போல உதறினான்.

மறுநாள் காலை நான் காலேஜுக்குப் போகும் வழியில் அதைப் பார்த்தேன். அண்ணன் மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று "பிடி!" என்றான். யாரும் அசையவில்லை. காது கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, "பிடிங்கலே!" என்று கத்தினான். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தன் துவர்த்துத் துண்டை உதறித் தலையில் கட்டினான். ஒருத்தன் கால் நகத்தைப் பார்த்தான்.

"வேற ஆளைப் பாருடே" என்றான் கூட்டாளி.

"எந்த வேற ஆளு? நீ செத்தா போனே?"

"சாகக்கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

அண்ணன் நிமிர்ந்து அவன் குரல்வளையைப் பிடித்தான். மூப்பர் வந்து நடுவில் விழுந்தார். மூப்பர் என்றால் சுமட்டுக்காரர்களுக்குத் தலைவர். வேலை பங்கு வைப்பவர், சண்டை தீர்ப்பவர். ஆள் குட்டை; ஆனால் கையை நீட்டினால் எவனும் நிற்பான். "ஆசுபத்திரிக்குப் போ. க்ஷயம் இல்லன்னு சொன்னா வா. அதுவரைக்கும் உனக்கு இங்க கை கிடையாது" என்றார்.

ஊரில் மெடிக்கல் காலேஜ் வந்த புதிது. நான்தான் அண்ணனைக் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் என்னை வைதுகொண்டே வந்தான். டாக்டர் இளவயசு மலையாளி. அண்ணனின் விரல் நுனிகளைத்தான் முதலில் பார்த்தார். அவை தவில் குச்சியின் தலை மாதிரி உருண்டிருந்தன. மூட்டை பிடித்துப் பிடித்து அப்படி ஆயிற்று என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம்; அது நெஞ்சு நோயின் குறி என்றார். காலையில் வரும் கோழை முழுவதையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் மேஜையில் வைத்தபோது அது தானாகப் பிரிந்து நின்றது: மேலே நுரை, நடுவில் தண்ணீர், அடியில் சீழ். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, நகைக்கடையில் கல் பார்ப்பது போலப் பார்த்தார். கோழையைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். க்ஷயக் கிருமி ஒரு தடவைகூட இல்லை.

பிறகு அந்த எண்ணெய்ப் படம். மூச்சுக்குழாய்க்குள் ஒரு மருந்து எண்ணெயை இறக்கி எக்ஸ்ரே எடுப்பது. இரண்டு அட்டெண்டர்கள் அண்ணனைப் பிடித்துக்கொள்ள, ஒரு டாக்டர் தொண்டை வழியாகக் குழாயை விட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு அலறல், எதுவோ உடையும் சத்தம். ஒரு அட்டெண்டர் சட்டைக் காலர் கிழிந்து வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டான்: "தன்டெ சேட்டன் மனுஷ்யனோ, போத்தோ?" உன் அண்ணன் மனுஷனா, எருமையா என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் எனக்குச் சொன்னார். அவர் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். நல்ல நுரையீரலில் மூச்சுக்குழாய் ஒரு மரத்தின் கிளை போல, பிரியப் பிரிய மெலிந்துகொண்டே போகும். அண்ணனின் இடது பக்கத்து அடிப்பகுதியில் அவை மெலியவில்லை. சின்ன வயதில் வந்த அந்த இருமல் குழாய்களின் சுவரை அரித்துவிட்டது. அவை தளர்ந்து, அகன்று, பைபையாகத் தொங்கின. சாதாரணமாகச் சளி தானாக மேலே ஏறி வந்துவிடும். இவனுக்கு அது பைகளில் தேங்குகிறது. தேங்கியது அழுகுகிறது. அழுகியது சுவரை மேலும் அரிக்கிறது, சுவர் மேலும் தளர்கிறது, இன்னும் அதிகமாகத் தேங்குகிறது. சுவரில் ஓடும் இரத்தக் குழாய் அரிபட்டால் இரத்தம் வரும். ப்ராங்கியெக்டாஸிஸ் என்று அதற்குப் பெயர்.

"பகரில்ல" என்றார் டாக்டர். ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. நான் மூச்சு விட்டேன். "பக்ஷே, மாறவும் செய்யில்ல." ஆறவும் ஆறாது. அந்தப் பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் மதராஸ் பக்கம் எங்கோ செய்கிறார்களாம். காய்ச்சல் வந்தால் பென்சிலின் ஊசி. மற்றபடி தேங்குவதைத் தினமும் வெளியே எடுக்க வேண்டும்; தூசியில் நிற்கக் கூடாது.

"என்ன வேலை?" என்று கேட்டார்.

"வத்தல் மூட்டை சுமக்கேன்."

"அது இனி வேண்டா."

"பின்னே சாரு வீட்டுல வந்து இருக்கட்டா? எனக்குப் பெண்டாட்டி இருக்கு, இந்தா இந்தத் தடியனையும் படிக்க வைக்கணும்" என்றான் அண்ணன். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

தேங்குவதை எடுக்கும் முறையை அவரே அண்ணனைக் கட்டிலில் கவிழ்த்துக் காட்டினார். இடுப்பு கட்டிலின் மேல், தலையும் கைகளும் கீழே தரையில். நோய் இடது அடிப்பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். குடத்தைச் சாய்த்தால்தானே தண்ணீர் வாய்க்கு வரும். பிறகு முதுகின் இடது பக்கம், கீழ் விலா மேல், உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்ட வேண்டும். முதுகெலும்பின் மேல் படக் கூடாது, விலாவுக்குக் கீழேயும் படக் கூடாது. இரத்தம் வரும் நாட்களில் தட்டவே கூடாது. அப்போது கெட்ட பக்கத்தைக் கீழே வைத்துப் படுக்கவைக்க வேண்டும், நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் போகாமலிருக்க.

இப்படித்தான் நான் அண்ணனை அடிக்கத் தொடங்கினேன்.

முதல் நாள் கை எழவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவன் கத்தினான்: "என்னலே தடவுதே? நான் என்ன பூனைக்குட்டியா? அடிலே!" அடித்தேன். "இதுக்குத்தான் உனக்குச் சோறு போட்டேனா? அடி!" எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கை தானாகக் குழிந்தது. பொத் பொத்தென்று அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. அவன் உடம்பு துள்ளிற்று, கால் உதைத்தது, ஒரு உதை என் வாயில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. திடீரென்று அவன் உள்ளேயிருந்து மதகு திறந்தது போல வந்தது. சிரட்டை நிரம்பி வழிந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீரோடு, நீண்ட மூச்சு ஒன்று இழுத்தான். அவ்வளவு ஆழமான மூச்சை அவன் இழுத்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணனின் மனைவி, என் மதினி, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டொரு நாளில் அழுகை நின்றுவிட்டது. "தம்பி, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம். அங்கதான் கொர்ருங்குது" என்று நின்று வேலை வாங்கினாள். ஒருநாள் அவன் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கையில் குனிந்து அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்: "என்னை ஓங்கி ஓங்கி அறைஞ்ச கையெல்லாம் இப்ப தரையை ஊனிக்கிட்டுக் கிடக்கு, பாத்தியளா?" அவன் அந்தக் கையாலேயே அவள் காலை வாரிவிடப் பார்த்தான். எட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் க்ஷயம் இல்லை என்று சொல்லியாயிற்று. இனி சந்தை நம்ப வேண்டும். அண்ணன் போய்ச் சொன்னான், சிரித்தார்கள். படித்தவன் நான் இருக்கிறேனே, நான் போய் விளக்கினால் விளங்காதா என்று நினைத்தேன். எக்ஸ்ரே படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலேஜுக்குப் போகாமல் கிட்டங்கி வாசலில் போய் நின்றேன். எல்லாரும் சுற்றிக் கூடினார்கள்.

படத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன்.

"லே, இது உங்க அண்ணனா? இதுல கொஞ்சம் லட்சணமா இருக்கானே!"

"எலும்பு பூரா வெளிய தெரியுது. இதுக்குப் பேருதானேலே எலும்புருக்கி?"

நான் விடவில்லை. நோயின் பெயரைச் சொன்னேன். "இன்னொருக்க சொல்லு" என்றான் கூட்டாளி. சொன்னேன். "பேரே இத்தனை நீளமா இருந்தா ரோகம் எத்தனை நீளம் இருக்கும்?" என்றான். அங்கே ஒரு வெறும் சாக்கு கிடந்தது. அதை எடுத்தேன். "இந்தாங்க, வத்தல் சாக்கு. எல்லாத்தையும் கொட்டின பிறகும் மூலையில தூள் தங்கும். இருக்கா? அது எப்ப வரும்? கவுத்துப் போட்டுத் தட்டினாத்தான் வரும். எங்க அண்ணன் நெஞ்சும் அப்படித்தான்" என்று சாக்கைக் கவிழ்த்து ஓங்கி அறைந்தேன்.

சிவப்பாக ஒரு புகை எழும்பிற்று. நான் நின்றதோ காற்று வரும் பக்கம். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தும்மி, இருமி, கண்ணைக் கசக்கி, என்னை வைதார்கள். "அய்யோ, எல்லாருக்கும் ஒட்டிக்கிட்டுலே!" என்று ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து காட்டினான். சிரிப்பு அடங்கியதும் மூப்பர் கேட்டார்: "அதெல்லாம் செரி தம்பி. எப்ப மாறும்?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. "மாறாது மூப்பரே. ஆனா ஒட்டாது" என்றேன்.

"மாறாதா?"

"மாறாது. ஆனா..."

"எலும்புருக்கிக்கே இப்ப ஊசி வந்தாச்சு" என்றான் கூட்டாளி. அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "என் பெண்டாட்டிக்குத்தான் கிடைக்கல. ஊசி போட்டாலும் மாறாத ரோகம்னா அது எலும்புருக்கிக்கு அப்பன்லே. உங்க அண்ணன் பக்கத்துல நானா நிப்பேன்?"

ஒட்டுகிற நோய் ஆறும், ஆறாத நோய் ஒட்டாது. ஆஸ்பத்திரியில் இது எனக்கு எவ்வளவு தெளிவாக விளங்கியது! அந்த வாசலில் அதைச் சொல்லச் சொல்ல எனக்கே நாக்குக் குழறிற்று. அவர்கள் அறிந்த நோய்களில் கொடியது எதுவோ அது ஒட்டும். ஆறாதது என்றால் கொடியது. கணக்கு அவர்களுக்கு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. அண்ணன் வாசலிலேயே அறைந்தான். "உன்னை யாருலே போயி படம் காட்டச் சொன்னா? என் குடலை எடுத்துக் கடைவீதியில காயப்போட்டுட்டு வந்திருக்கியே!"

அதன் பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மாட்டுவண்டியின் பின்பக்கம் நின்று, முதுகைக் காட்டிக் குனிந்து, வண்டியிலிருக்கும் மூட்டையைத் தானே தலைக்கு இழுத்துக்கொள்வது. கழுத்து ஒடியும் காரியம். வண்டியிலிருந்து இறக்குவதற்கு மட்டும்தான் ஆகும், ஏற்றுவதற்கு ஆகாது. ஆனாலும் செய்தான். கடைக்காரர்கள் தடுக்காமல், இறக்கின மூட்டைக்குக் கூலி கொடுத்தார்கள். அரைவயிற்றுக்கு வந்தது.

ஒருநாள் காலை நான் அந்த வழியாகப் போகையில் அண்ணன் அப்படித்தான் வண்டிக்குப் பின்னால் குனிந்து, மூட்டையைத் தலையில் பாதி ஏற்றியிருந்தான். கூட்டாளி வண்டியின் முன்பக்கம் நின்றான். என்ன நினைத்தானோ, கையிலிருந்த மூட்டைக் கொக்கியின் பிடியால் மாட்டின் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினான். வண்டி முன்னால் நகர்ந்தது. மூட்டை சரிந்து அண்ணனோடு கீழே விழுந்து வாய் பிளந்தது. தெருவெல்லாம் வத்தல்.

"சாக்கைக் கவுத்துத் தட்டியாச்சு, ரோகம் வெளிய வந்துட்டா பாருங்கலே!" என்றான் கூட்டாளி.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் எழுந்த வேகத்தில் அவன் வாயில் குத்தினான். பல் ஒன்று தெறித்ததை நானே பார்த்தேன். கூட்டாளி கொக்கியை வீசினான்; அண்ணனின் தோள் கிழிந்தது. இரண்டு பேரும் வத்தலில் கட்டிப் புரண்டார்கள். மிதிபட்ட வத்தலிலிருந்து காரம் எழும்பி நின்றவர்கள் கண்ணெல்லாம் எரிந்தது. விலக்கப் போன என்னை யாரோ முழங்கையால் இடித்தார்கள், என் மூக்கில் இரத்தம். அண்ணன் கூட்டாளியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை.

இருமினான். ஒரு இருமல், இன்னொன்று. மூன்றாவதில் வாயிலிருந்து இரத்தம் கொட்டிற்று. துப்பலோடு கலந்த இரத்தமல்ல, குழாயில் வருவது போன்ற இரத்தம். கீழே கிடந்தவன் முகத்தில், கழுத்தில், மார்பில். எது வத்தல், எது இரத்தம் என்று தெரியாத சிவப்பு. கூட்டாளி அலறினான். அந்த அலறலில் எல்லாரும் விலகி ஓடினார்கள். அவனும் அண்ணனைத் தள்ளிவிட்டு தெருக்குழாய்க்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

அண்ணன் மல்லாந்து கிடந்து கொப்பளித்தான். எனக்கு டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான் தலையில் நின்றது: கெட்ட பக்கம் கீழே. இடது பக்கமாகப் புரட்டினேன். கனம். மூட்டையைவிடக் கனம். தோளால் முட்டி, காலால் உதைத்துப் புரட்டினேன். இடது தோளில்தான் கொக்கிக் காயம். அவன் வலியில் என் மணிக்கட்டைக் கடித்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மூப்பர் வண்டிக்காரனை மிரட்டினார்; அவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகப் பார்த்தான். மூப்பர் அவனை ஒரு அறை விட்டு, தானே அண்ணனின் கால்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி போகும் வரை நான் அவன் மேல் படுத்துக்கொண்டு இடது பக்கம் மாறாமல் அமுக்கிப் பிடித்திருந்தேன்.

பிழைத்தான். இரத்தம் நின்றது. பென்சிலின் போட்டார்கள். ரொம்ப நாள் கிடந்தான். இரத்தம் நின்று பல வாரம் ஆன பிறகுதான் மறுபடியும் தட்டலாம் என்று டாக்டர் சொன்னார். வத்தலைப் பற்றியும் மறுபடி சொன்னார். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, நான் மறுபடி தட்டத் தொடங்கிக் கொஞ்ச நாளில் மூப்பர் ஆள் அனுப்பினார். பல் கணக்கு தீரவில்லையாம்.

சுமட்டுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டால் போலீஸுக்குப் போவதில்லை. காயம் பட்டவன், காயம் செய்தவனைச் சபையில் வைத்துத் திருப்பி அடிக்கலாம். முதுகில் மட்டும், கையால் மட்டும், மூப்பர் போதும் என்கிற வரைக்கும். அண்ணனின் தோளில் கொக்கி பட்டதற்கு, முதலில் கை நீட்டியவன் அவன்தான் என்று கணக்கில்லாமல் போயிற்று. அடித்து முடித்தால் கணக்கு தீர்ந்தது. அடி வாங்க மறுத்தால் ஆள் சந்தையை விட்டே போக வேண்டும்.

"அவரு நெஞ்சு கிடக்கிற கிடையில முதுகுல அடி வாங்கணுமாக்கும்? அவனுக பெண்டு பிள்ளை வெளங்குமா?" என்று மதினி தெருவில் இறங்கிக் கத்தினாள். அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தான். நான் பின்னால் ஓடினேன். சந்தைக்குள் நுழையும்போதுதான் எனக்கு அது தோன்றிற்று. முதுகு, வெறுங்கை. அன்று காலை இன்னும் அவனுக்குத் தட்டவில்லை. உள்ளே எல்லாம் தேங்கித்தான் கிடந்தது.

கூட்டாளி கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். முன்பல் இடத்தில் ஓட்டை. 

"மூப்பரே, அடிக்கட்டும்" என்றேன். "ஆனா எங்க அடிக்கணும், எப்படி அடிக்கணும்னு நான் சொல்லுவேன்."

"இவன் என்னலே, அடிக்கிறதுக்கும் பாடம் எடுக்கான்!" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

"முதுகுன்னுதானே சட்டம்? முதுகுலதான். எத்தனை வேணும்னாலும் அடிக்கட்டும். ஆனா இந்த எடத்துல."

மூப்பர் தலையாட்டினார். "செரி" என்றார்.

மல்லி மூட்டைகள் படிப்படியாக அடுக்கியிருந்தன. அண்ணனை அதில் கவிழ்ந்து படுக்கச் சொன்னேன், இடுப்பு மேல் படியில், தலை கீழே. அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே தொங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு ஓடிற்று. நான் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் குந்தினேன். "கையைக் குழிச்சுக்கோ. தண்ணி கோருத மாதிரி. இந்த விலா மேல. நடு எலும்புல படக் கூடாது" என்றேன்.

கூட்டாளி தொடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்றான். பயம் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். பல் ஜெயித்தது. அடித்தான். சுமட்டுக்காரன் கை, நான் அடித்ததெல்லாம் அதன் முன்னால் விசிறிக் காற்று.

"பல்லோட பலமும் போச்சாலே?" என்றான் அண்ணன் கீழேயிருந்து.

அவ்வளவுதான். கூட்டாளி பல்லைக் கடித்துக்கொண்டு அறைந்தான். மூட்டையிலிருந்து மல்லித் தூசி எழுந்தது. "என்னைக் குத்துவியா? குத்துவியாலே? என் மூஞ்சியில ரத்தத்தைத் துப்புவியா?" ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. "ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லலே எனக்கு. இருமல் வருதா வருதான்னு பாத்துக்கிட்டே கிடந்தேன். அவ மாதிரி ஆயிருவேனான்னு... வரல. வரவே இல்லலே, பாவி!" அவன் அழுதுகொண்டுதான் அடித்தான். அண்ணனின் உடம்பு துள்ளத் தொடங்கிற்று. நான் சிரட்டையை வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

வந்தது. சிரட்டை நிறைந்து, என் கையில் வழிந்து, இன்னொரு சிரட்டை கேட்டேன். யார் கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. இரத்தம் ஒரு பொட்டுகூட இல்லை. கூட்டத்தில் ஒருத்தன் ஓங்கரித்தான். கூட்டாளி மட்டும் குனிந்து பார்த்தான்.

"இம்புட்டும் உள்ளேயா கிடந்துது?" என்றான். பிறகு, யாரிடமும் சொல்லாதது போல: "அவ இப்படித் துப்பல. கொஞ்சம்தான் வரும். நாளுக்கு நாள் வத்திப் போனா. இவன் என்னடான்னா எருமை மாதிரி கிடக்கான்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்து நீளமாக மூச்சு இழுத்தான். எல்லாரும் அந்த மூச்சின் சத்தத்தைக் கேட்டார்கள். "தீந்துதா?" என்று மூப்பரைக் கேட்டான்.

மூப்பர் கூட்டாளியைப் பார்த்தார். "உனக்குத் தீந்துதா?"

"எங்க தீர? முன்பல்லு மூப்பரே. நாளைக்கும் வரச் சொல்லும்."

மறுநாளும் அடித்தான். அதற்கு மறுநாளும். ஒருநாள் நான் போகப் பிந்திவிட்டது. போய்ப் பார்த்தால் அண்ணன் தானாகவே மூட்டையில் கவிழ்ந்து கிடந்தான், கூட்டாளி கையைக் குழித்துக்கொண்டு வைதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தான். சிரட்டையைக்கூட அவனே வைத்திருந்தான்.

அன்றைக்குத்தான் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே வண்டிப் பக்கம் போய், ஒரு மூட்டைக்கு அருகே குனிந்தான். அந்தச் சொல்லை அவன் சொல்லி எத்தனையோ மாதம். "பிடி!" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கூட்டாளி வைதுகொண்டே போய் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கம் ஆள் இல்லை. கூட்டாளி நிமிர்ந்து சுற்றிப் பார்த்தான். ஒருத்தன் பீடி பற்றவைத்தான். மூட்டை ஒரு பக்கம் மட்டும் எழும்பி நின்றது.

நான் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தேன். சாக்கின் காது விரலை அறுத்தது. தூக்கினேன், என் பக்கம் தாழ்ந்து, கோணலாக, எப்படியோ அண்ணன் தலையில் போய் உட்கார்ந்தது. என் பிறப்பில் நான் மூட்டையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "உன்னை யாருலே தொடச் சொன்னா? எறக்கிட்டு வாரேன், அந்தக் கையை ஒடிக்கேன்!"

வத்தல் மூட்டை. டாக்டர் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்ன வத்தல். மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்லி நான் கொடுத்திருந்த துவர்த்தைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்திருந்தான். கிட்டங்கியின் இருட்டுக்குள், அந்தச் சிவப்புத் தூசிக்குள், அவன் கால்கள் ஓட்டமும் நடையுமாகப் போய் மறைந்தன. நான் இத்தனை நாள் சண்டை போட்டது அவனை அங்கே திரும்ப அனுப்பத்தான். உள்ளேயிருந்து அவன் இருமுவது கேட்டது.

கை ஒடிபட நான் வாசலிலேயே நின்றேன். அவன் வெளியே வந்தான். என்னைப் பார்க்காமல் தாண்டிப் போய் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். "பிடி!"

கூட்டாளி ஒரு பக்கம் போனான். பீடி பற்றவைத்தவன் அதை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு மறுபக்கம் போனான்.

"நீ இன்னும் போகலியாலே?" என்று மூட்டைக்கு அடியிலிருந்து அண்ணன் கத்தினான். நான் புத்தகத்தைப் பொறுக்கிக்கொண்டு காலேஜுக்கு ஓடினேன்.